ராணி செய்த சத்தியம்

1891 ஜனவரி 29. ஹொனலுலுவில் வரவேற்பு ஏற்பாடுகள் தடபுடலாக நடக்கின்றன. உடம்பு சரியில்லாமல் அமெரிக்கா போயிருந்த அரசர் கலாகௌவா திரும்பி வரப்போகிறார் என்று ஊரே காத்திருக்கிறது. தூரத்தில் 'சார்ல்ஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தெரிகிறது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கின்றன. கப்பலில் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறது. அரசர் ஒன்பது நாளைக்கு முன்பே சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்துவிட்டார். கடலுக்கடியில் தந்திக் கம்பி அப்போது அந்தத் தீவுகளை எட்டியிருக்கவில்லை. செய்தியும் சடலமும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தன.

அழக்கூட நேரம் தரவில்லை. அன்றைக்கே அவருடைய தங்கை லிலியுஓகலானியை அரியணைக்குரியவராக நிறுத்தி, 1887ஆம் ஆண்டின் அரசியலமைப்பைக் காப்பேன் என்று சத்தியம் செய்ய வைத்தார்கள். அவர் செய்தார்.

எனக்கு ஹவாய் பிடிபட ஆரம்பித்தது இந்தக் காட்சியிலிருந்துதான். அதுவரை ஹவாய் என்றால் பூமாலை, அலைச்சறுக்கு, எரிமலை, அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம். அவ்வளவுதான். அது அரசரும் சட்டமன்றமும் உச்ச நீதிமன்றமும் கொண்ட தனி நாடாக இருந்ததெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு ஒரு கேள்வி மட்டும் விடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டே வருடத்தில் லிலியுஓகலானி அந்த அரசியலமைப்பை மாற்ற முயன்றார். அதைக் காரணம் காட்டித்தான் அவரை இறக்கினார்கள். அப்படியென்றால் அவர் சத்தியத்தை மீறினாரா?

பதில் தேடிப் பின்னால் போனால் ஐம்பது வருடம் போக வேண்டியிருக்கிறது.

*

ஹவாய்த் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் 1810இல் கொண்டுவந்தவர் முதலாம் கமேஹமேஹா. 1819இல் அவர் இறந்ததும் அவருடைய மனைவியரில் ஒருவரான காஹுமானு, புதிய அரசரோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டார். 'குஹினா நூயி' என்று அந்தப் பதவிக்குப் பெயர். பிரதமர் என்று மொழிபெயர்ப்பார்கள், ஆனால் அது போதாது. கிட்டத்தட்ட இணை ஆட்சியாளர். பெரும்பாலும் பெண்களே வகித்த பதவி அது.

1839 ஜூலையில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஹொனலுலுவுக்கு வந்து நின்றது. கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடு, பிணையாக 20,000 டாலர் கட்டு, இல்லாவிட்டால் போர் என்றார் கேப்டன். கட்டினார்கள். பசிபிக்கில் அது அப்படிப்பட்ட காலம். எந்தக் கப்பல் எப்போது வரும், எதைக் கேட்கும் என்று தெரியாது. பீரங்கிக்குப் பீரங்கி என்று நிற்க இந்தத் தீவுகளால் முடியாது. அப்போது அரசராக இருந்த மூன்றாம் கமேஹமேஹா வேறொரு வழியில் போனார். ஐரோப்பியர்கள் எதை மதிக்கிறார்களோ அதையே கையில் எடுப்பது. சட்டம்.

1839இல் ஓர் உரிமைப் பிரகடனம், 1840இல் ஹவாய் மொழியில் முதல் அரசியலமைப்பு. தலைவர்கள் உட்காரும் பிரபுக்கள் அவை ஒன்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அவை ஒன்று. இருவரும் சம்மதித்து, அரசரும் குஹினா நூயியும் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம். அதுவரை அரசரின் வாய்ச்சொல்லே சட்டமாக இருந்த நாட்டில் அரசரே தன் கையைக் கட்டிக்கொள்வதென்பது சின்ன விஷயமில்லை.

அது பலித்ததா? ஓரளவு பலித்தது. 1843 பிப்ரவரியில் பாலட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நாட்டையே பிடித்துக்கொண்டார். அரசர் எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு, மேலிடம் நியாயம் செய்யும் என்று சொல்லித் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தார். ஐந்து மாதத்தில் பிரிட்டனின் அட்மிரல் தாமஸ் வந்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஹவாயின் சுதந்திரத்தை ஏற்று அறிவித்தன. காகிதம் கப்பலைத் திருப்பி அனுப்பியது என்றே அவர்கள் நம்பியிருப்பார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

*

1852இல் வந்த இரண்டாவது அரசியலமைப்பு இன்னும் தாராளம். சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயதுவந்த ஆண்களுக்கு வாக்கு. 1863இல் அரசரான ஐந்தாம் கமேஹமேஹாவுக்கு இது பிடிக்கவில்லை. அதைக் காப்பேன் என்று சத்தியம் செய்யவே மறுத்துவிட்டார். 1864இல் திருத்துவதற்கு ஒரு மாநாட்டைக் கூட்டினார். வாக்களிக்கச் சொத்துத் தகுதி வேண்டும் என்று அவர் கேட்க, பிரதிநிதிகள் மறுக்க, மாநாட்டைக் கலைத்துவிட்டுத் தானே ஒரு புது அரசியலமைப்பை எழுதி அறிவித்துவிட்டார்! குஹினா நூயி பதவி ஒழிந்தது. வாக்குக்குச் சொத்தும் எழுத்தறிவும் தகுதிகளாயின.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். நல்ல பூர்வகுடி அரசர்கள், கெட்ட வெள்ளை முதலாளிகள் என்று ஒரு கதையை மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். அரசரே விதியை மீறி அரசியலமைப்பைக் கிழித்தார், ஏழைகளின் வாக்கைப் பறித்தார் என்பது அந்தக் கதைக்குள் உட்காரவில்லை. கிழித்தாலும் ஒன்றும் ஆகாது என்று முதலில் காட்டியவர் அரசர்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள்.

இதற்கிடையே நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. 1848இல் தொடங்கிய நிலப் பிரிவினையில் அரசருக்கும் தலைவர்களுக்கும் அரசுக்கும் பெரும் பங்கு. சாதாரணக் குடியானவர்களுக்குக் கிடைத்தது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1850இல் வெளிநாட்டவர்களும் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. 1875இல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அங்கே போனது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. வேலைக்குச் சீனர்களையும் ஜப்பானியர்களையும் போர்த்துக்கீசியர்களையும் கொண்டுவந்தார்கள். 1890 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 90,000 பேர். அதில் பூர்வகுடிகளும் கலப்பினத்தவரும் சேர்ந்து 40,000 சொச்சம்தான். வெளியிலிருந்து வந்த நோய்கள் அவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றிருந்தன.

*

1887க்கு வருவோம். கலாகௌவா அரசர். தாராளமாகச் செலவழிப்பவர், கடன் வாங்குபவர். ஓப்பியம் உரிமம் ஒன்றில் லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் கிளம்பியது. அவர்மேல் கோபப்பட நியாயமான காரணங்கள் இருந்தன. அந்தக் கோபத்தைப் பயன்படுத்திக்கொண்டது ஒரு ரகசியக் குழு. வியாபாரிகள், வழக்கறிஞர்கள், தோட்டக்காரர்கள், மிஷனரிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். முன்னால் நின்றவர் லோரின் தர்ஸ்டன், முதல் மிஷனரிக் குழுவில் வந்தவரின் பேரன். பின்னால் ஆயுதம் தாங்கிய 'ஹொனலுலு ரைஃபிள்ஸ்' படை. ஜூலை 6 அன்று அரசர் கையெழுத்துப் போட்டார். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'துப்பாக்கிமுனை அரசியலமைப்பு'.

அதற்குள் என்ன இருந்தது? சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அமைச்சர்களை அரசர் நீக்க முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில்கூட அரசி நினைத்தபடி அமைச்சர்களை மாற்ற முடியாதே. ஆனால் அந்தச் சட்டமன்றத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிரபுக்கள் அவைக்கு வாக்களிக்க 3,000 டாலர் சொத்தோ ஆண்டுக்கு 600 டாலர் வருமானமோ வேண்டும். பூர்வகுடிகளில் பெரும்பாலானோர் அங்கேயே வெளியே நின்றுவிட்டார்கள். குடியுரிமை வாங்காத அமெரிக்கரும் ஐரோப்பியரும் வாக்களிக்கலாம். குடியுரிமை வாங்கியிருந்த சீனர் வாக்களிக்க முடியாது. ஆசியர்களுக்கு வாக்கே கிடையாது. அரசரின் அதிகாரத்தைக் குறைத்து மக்களுக்குக் கொடுக்கிறோம் என்ற பேச்சு, தோட்டக் கணக்குப் புத்தகத்தில் போய் முடிந்தது.

லிலியுஓகலானி அப்போது விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காக லண்டன் போயிருந்தார். திரும்பி வந்தபோது அண்ணன் பெயரளவு அரசர். நான்கு வருடம் கழித்து, அண்ணனின் உடல் வந்த நாளில் அவர் கைவைத்துச் சத்தியம் செய்தது இந்தக் காகிதத்தின் மேல்தான்.

*

ராணியான பிறகு ஊர் ஊராக மனுக்கள் வந்தன. பதிவுபெற்ற 9,500 வாக்காளர்களில் 6,500 பேர் புது அரசியலமைப்பு கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1893 ஜனவரி 14 அன்று அதை அறிவிக்க ஆயத்தமானார். அவருடைய அமைச்சர்களே கையெழுத்துப் போட மறுத்தார்கள். கூடியிருந்த மக்களிடம், இப்போது முடியவில்லை, அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். அதாவது பின்வாங்கிவிட்டார். அது போதவில்லை. 16ஆம் தேதி 'பாஸ்டன்' கப்பலிலிருந்து 160க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறங்கினார்கள். 17ஆம் தேதி அரண்மனைக்கு எதிரிலிருந்த அரசுக் கட்டடத்தின் முன்னால் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. தலைவர் சான்ஃபோர்டு டோல்.

ராணி தன் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தார். டோலிடம் சரணடையவில்லை, அமெரிக்காவின் படைபலத்துக்கு இணங்குகிறேன், அமெரிக்க அரசு உண்மையை விசாரித்து என்னை மீண்டும் அமர்த்தும்வரை என்றார். படித்தவுடன் 1843தான் ஞாபகம் வந்தது. அன்றைய அரசரின் அதே உத்தி. மேலிடம் நியாயம் செய்யும் என்ற அதே நம்பிக்கை. விசாரணையும் நடந்தது. இது தவறு என்று அமெரிக்க அதிபர் கிளீவ்லாண்டே நாடாளுமன்றத்துக்கு எழுதினார். ஆனால் இந்த முறை எந்த அட்மிரலும் வரவில்லை.

சத்தியத்தை மீறினார் என்று ராணியைச் சொன்னவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? 1894இல் குடியரசுக்கு அரசியலமைப்பு எழுத ஒரு மாநாடு கூட்டினார்கள். உறுப்பினர்கள் 37 பேர். அதில் 19 பேர் ஆட்சியில் இருந்தவர்களே. தேர்தலில் வந்தவர்கள் 18 பேர். அந்தத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியாட்சியை எதிர்ப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

என் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், எழுத்துப்படி பார்த்தால் ராணி மீறத்தான் பார்த்தார். அந்த அரசியலமைப்பிலேயே திருத்துவதற்கு வழி இருந்தது. ஆனால் அந்த வழி எந்தச் சட்டமன்றத்தின் ஊடாகப் போனதோ, அதன் வாசலில்தான் அவருடைய மக்களை நிறுத்திவைத்திருந்தார்கள். 1864இல் அரசர் விதியை மீறினார், 1887இல் துப்பாக்கி மீறியது, 1894இல் எண்ணிக்கை மீறியது. முயன்று பார்த்துப் பின்வாங்கிய ஒருவரிடம் மட்டும்தான் கணக்குக் கேட்டார்கள்.

1897இல் அமெரிக்காவோடு இணைக்கும் ஒப்பந்தம் தயாரானது. பூர்வகுடிகளின் சங்கம் ஒன்று தீவு தீவாகப் போய் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்கியது. 556 பக்கம், 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். பூர்வகுடிகளில் பாதிக்கும் மேல். நான்கு பேர் அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் நிறைவேறவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஸ்பெயினோடு போர் வந்ததும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானம் ஒன்றின் மூலம் இணைத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒரு விதி வளைந்தது.

மனு அமெரிக்க ஆவணக் காப்பகத்துக்குள் போய்விட்டது. 1996இல் நோயெனோயெ சில்வா என்ற ஆய்வாளர் தேடிக் கண்டெடுத்தபோது, தங்கள் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி கையெழுத்துப் போட்டிருந்ததே பலருக்குத் தெரியாது. ஆண்களுக்குத் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள். பெயர், வயது, ஊர். பல பக்கங்களில் கையெழுத்து நடுங்கியிருக்கும், வரிகள் கோணியிருக்கும்.

குஹினா நூயியாகப் பெண்கள் இணை ஆட்சி செய்த நாடு, 1850லேயே பெண்களின் வாக்கை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எந்த அரசியலமைப்பும் அதைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பெண்கள்தான் 1897இல் நாட்டைத் திருப்பிக் கேட்டு வரிசையாக உட்கார்ந்து பெயர் எழுதியிருக்கிறார்கள்.