கரப்புக்குள்ளே ஒரு வரலாறு

வரலாறு படிக்கிறோம் என்று சொன்னால் அம்மம்மா கேட்கிற முதல் கேள்வி, "எந்த ராசாவைப் பற்றி?" என்பதுதான். இந்தமுறை கோழியைப் பற்றி என்று சொன்னோம். அவ சிரிக்கவில்லை. "அப்ப மரநாயைப் பற்றியும் எழுதுங்கோ. அதை விட்டிட்டுக் கோழிக்கு ஏது வரலாறு?" என்று கேட்டா.

தேடத் தேட, அவ சொன்னது சரி என்றுதான் பட்டது. கோழி மனிதரோடு சேர்ந்த கதையே தானியத்தில் தொடங்குகிறது. 2022 இல் வெளியான ஆய்வொன்று, வீட்டுக்கோழியினுடையது என்று நம்பக்கூடிய மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நொன் வட் என்ற இடத்தில் கிடைத்தவை என்கிறது. காலம் கி.மு. 1650 க்கும் 1250 க்கும் இடையில். அங்கே சனங்கள் நெல்லும் தினையும் விதைத்தார்கள். சிந்தின தானியத்தைப் பொறுக்கக் காட்டுக்கோழி வந்தது, வந்தது நின்றுவிட்டது. ஆனால் தானியம் எலியையும் கூப்பிடும், எலி பூனையைக் கூப்பிடும். ஆக, முற்றத்துக்குக் கோழி வந்த நாளிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொன்றும் வந்து குந்திவிட்டது.

சிவப்புக் காட்டுக்கோழிதான் வீட்டுக்கோழியின் மூதாதை என்று டார்வின் 1868 இலேயே எழுதிவிட்டார். 2008 இல் அதில் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. பல கோழிகளின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாம். வன்னிக் காட்டு விளிம்பில் கூவுகிற எங்கள் தீவுக்கே உரிய காட்டுக்கோழி, தேசியப் பறவை என்ற பட்டத்தோடு இருந்தாலும், இந்தக் கதையில் ஒரு ஒன்றுவிட்ட உறவு மட்டும்தான். ஊர்க்கோழி அதிலிருந்துதான் வந்தது என்று இத்தனை நாளும் நம்பியிருந்த எங்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

இனி சங்க இலக்கியம். பரீட்சைக்காகப் படித்தபோது இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. குறுந்தொகை 107 இல் ஒரு பெண், விடியப்போகுது என்று கூவித் தன் துணையோடு கிடந்த நித்திரையைக் கெடுத்த சேவலைத் திட்டுகிறாள்: நடுச்சாமத்தில் வீட்டெலி பார்த்துத் திரிகிற வெருகுக் குட்டிக்கு நீ சேமித்து வைத்துத் தின்கிற இரையாகப் போ என்று. வெருகு என்றால் காட்டுப்பூனை. கேட்கிற எல்லாருக்கும் வெருகு கோழியை என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால்தான் இந்தச் சாபம் வேலை செய்யும்.

139 ஆம் பாட்டு இன்னும் நுணுக்கமானது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண். மாலைநேரம் வேலியோரம் வெருகுகளைக் கண்ட குறுங்கால் பேடு, எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கூடி நிற்கிற குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கத்துகிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவன் தெருவுக்கு வந்தால் ஊர் வாய் அப்படித்தான் இரையும் என்று தோழி சொல்கிறாள். உவமைக்காக எடுத்த காட்சிதான். ஆனால் வேளை மாலை, இடம் வேலி, குஞ்சுகள் பிரிந்து ஓடாமல் ஒன்றாகக் குவிகின்றன. பின்னேரங்களில் முற்றத்தில் நின்று கோழி அடைத்த ஒருத்தியின் கண் இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பேட்டின் அந்தக் கத்தலைப் பற்றி ஒரு சின்ன விலகல். 1993 இல் கிறிஸ் எவன்ஸ், பீற்றர் மார்லர் முதலானோர் கோழிகளுக்குத் திரையில் படம் காட்டிச் சோதித்தார்கள். மேலே பருந்து போகிற மாதிரிக் காட்டினால் சேவல் ஒரு விதமாகவும், தரையில் மிருகம் வருகிற மாதிரிக் காட்டினால் வேறு விதமாகவும் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டினபோதும், முதலாவதுக்குப் பேடுகள் ஒளிப்பிடம் தேடி ஓடின, இரண்டாவதுக்கு நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்த்தன. இதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். "இதுக்கு ஏன் ரீவி?" என்றா. குசினிக்குள் இருந்தபடியே பிராந்தா கீரியா என்று சொல்லுவா அவ.

ஆனாலும் வரலாற்றில் இடம் பிடித்தது சண்டைச் சேவல்தான். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்டு இறந்த சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. வட்டெழுத்தும் சேவலின் உருவமும் வெட்டியிருக்கிறது. உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்ததே ஒரு கோழி யானையோடு சண்டை பிடித்ததால்தான் என்று கதை சொல்கிறார்கள். வெருகிடமிருந்து குஞ்சைக் காக்கப் போய்ச் செத்த பேட்டுக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

பேட்டின் வரலாறு அம்மம்மாமாரின் கையில்தான் இருந்தது. குஞ்சு பொரித்த பேட்டைக் கரப்பால் மூடி மேலே ஒரு கல்லை வைப்பது அதில் முதல் பாடம். கூட்டை நாலு காலில் உயர்த்திக் கட்டவேண்டும். நிலத்தில் கட்டினால் கீரி மண்ணைத் தோண்டி உள்ளே வரும், ஆகவே கம்பிவலையை ஓரடி ஆழத்துக்குத் தாட்டுவிட வேண்டும். கடற்கரைப் பக்கத்துச் சனம் கிழிந்த மீன்வலையை மேலே விரித்துப் பிராந்தைத் தடுத்தார்கள். இப்போது பழைய சீடித் தட்டுகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பொழுதுபட முதல் எண்ணி அடைக்கவேண்டும். ஒன்று குறைந்தால் தேடாமல் படுக்கக்கூடாது. அடைவைக்கிற கடகத்தில் முட்டைகளோடு ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் போடுவார்கள், இடி முழங்கினால் முட்டை கூழாகாமல் இருக்கவாம். கரித்துண்டு பற்றி எங்களுக்குச் சந்தேகம்தான். ஆனால் 21 நாள் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

முட்டைக்காசு வீட்டில் ஆம்பிளைகள் கணக்குக் கேட்காத காசு. கொப்பி, பென்சில், கோயில் அர்ச்சனை எல்லாம் அதிலிருந்துதான். அதனால் மரநாய் ஒரு பேட்டைக் கொண்டுபோனால் அது ஒரு பெண்ணின் கைக்காசைக் கொண்டுபோன மாதிரி.

பிறகு வெளியினங்கள் வந்தன. இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்த வெள்ளை லெகோர்ன், அமெரிக்காவின் றோட் ஐலன்ட் றெட். லெகோர்ன் நிறைய இடும், ஆனால் அடைகிடக்கிற குணத்தை மனிதர் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடைகிடக்காத கோழிக்குக் குஞ்சோடு திரிகிற வேலையும் இல்லை. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குப் பிராந்து வருகுது என்று கத்திச் சொல்லத் தாயும் இல்லை. 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, இந்தியாவில் ராணிக்கெத் என்ற மலையூரின் பெயர் பெற்ற நோயும் கடந்த நூற்றாண்டின் கணக்கில்தான் வருகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, கரப்பு உதவாது.

1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடம்பெயர்ந்த இரவைப் பற்றி எங்கள் வீடுகளில் நிறையப் பேசுவார்கள். யார் எந்தப் பையைத் தூக்கினார்கள், நாவற்குழிப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றெல்லாம். கோழிகள் என்னவாயின என்று நாங்கள் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்தரம் கேட்டோம். அம்மம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. "கூட்டைத் திறந்து விட்டிட்டு வந்தனான். அடைச்சு வைச்சால் பட்டினியிலை சாகும், திறந்தால் மரநாய் பிடிக்கும். எது நல்லது எண்டு யோசிக்க நேரமில்லை." பதின்மூன்று பேடு, இரண்டு சாவல். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் பற்றை. புளியமரத்தின் உச்சியில் ஒரே ஒரு சாவல் இருந்ததாம், கூப்பிட்டால் இறங்காது, கிட்டப்போனால் பறக்கும்.

2009 க்குப் பிறகு வன்னியில் மீள்குடியேறினவர்களில் எங்களில் ஒருத்தியின் குடும்பமும் ஒன்று. வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் இருபது குஞ்சும் ஒரு சுருள் கோழிவலையும் கொடுத்தது. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். அந்த மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது. மூன்று கிழமையில் மிஞ்சினது நாலு. கணக்கெடுக்க வந்தவர், "ஒழுங்காப் பராமரிக்கேல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். காடாய்க் கிடந்த நிலத்தில் எத்தனை மரநாய் இருக்கும் என்று அந்த அம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். அவ அதற்கு முதல் முப்பது வருசம் கோழி வளர்த்தவ.

இப்போது அம்மம்மாவிடம் ஏழு பேடும் ஒரு சாவலும் நிற்கின்றன. எல்லாம் கலப்பு, ஒன்றுக்குக் கழுத்தில் இறகில்லை, இரண்டுக்கு லெகோர்ன் வெள்ளை. நேற்றுப் பின்னேரம் நாங்கள்தான் எண்ணி அடைத்தோம். ஆறு பேடுதான் வந்தது. ரோச் லைற் அடித்து வளவு முழுக்கத் தேடினோம். கிணற்றடி மாமரத்தில், நாங்கள் எட்ட முடியாத கொப்பில் ஏறி இருந்தது. இறக்கலாமா என்று கேட்டோம். "விடுங்கோ, அதுக்குத் தெரியும்" என்றுவிட்டு அம்மம்மா கூட்டுக் கதவுக்குக் கட்டை போட்டா.