ஒசாகாவின் ரொட்டி இயந்திரம்

1962ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆளொன்றுக்குச் சராசரியாக 118 கிலோ அரிசி செலவாயிற்று; அதன்பின் அவ்வளவு தொடர்ந்து குறைந்துவர, போருக்குப் பிந்தைய பள்ளி மதிய உணவில் அமெரிக்கக் கோதுமை ரொட்டியை உண்டு வளர்ந்த தலைமுறை காலை உணவுக்கும் ரொட்டியையே நாடத் தொடங்கியது. ஒசாகாவைச் சேர்ந்த மட்சுஷிட்டா மின்சாதன நிறுவனம் (இன்றைய பானசோனிக்) 1984இல் அரிசி குக்கர்கள், சூடேற்றும் கருவிகள், மோட்டாரால் சுழலும் கருவிகள் ஆகியவற்றைத் தனித்தனியே தயாரித்துவந்த மூன்று பிரிவுகளை ஒன்றாக இணைத்தது. வீட்டு ரொட்டி இயந்திரம் என்பது இம்மூன்றின் கூட்டே: நேரத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் கட்டுப்பாட்டுச் சில்லு குக்கரிடமிருந்தும், வெப்பமூட்டி இரண்டாம் பிரிவிடமிருந்தும், மோட்டார் மூன்றாம் பிரிவிடமிருந்தும் வந்தன.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. அகற்றி எடுக்கக்கூடிய பாத்திரத்தின் அடியில் துடுப்புப் போன்ற சிறு தகடொன்று சுழன்று மாவைப் பிசைகிறது. பாத்திரத்தைச் சுற்றியுள்ள வெப்பமூட்டி முதலில் இளஞ்சூட்டில் மாவைப் புளிக்கவிட்டு, பின்னர் அதே இடத்திலேயே சுட்டெடுக்கிறது. வெந்த ரொட்டியின் அடிப்பக்கத்தில் தகடு இருந்த இடம் குழியாகவே எஞ்சும். இன்றளவும் இந்த இயந்திரத்தில் சுட்ட ரொட்டியை அக்குழியைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். பிசைதல்தான் இதில் நுட்பமான கட்டம். கோதுமைப் புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் எனப்படும் மீள்தன்மையுள்ள வலை உருவாகிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவை இவ்வலை சிறைப்பிடிப்பதாலேயே மாவு உப்புகிறது.

முதல் மாதிரி இயந்திரம் இந்தக் கட்டத்திலேயே தோற்றது: ரொட்டியின் மேற்புறம் கருக, உள்ளே மாவு வேகாமல் இருந்தது. பொறியாளர்கள் இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர்கள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் காரணம் பிடிபடவில்லை. அப்போது மென்பொருள் உருவாக்குநரான இகுகோ தனாகா, நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டித் தயாரிப்பாளரிடம் பயிற்சி பெறச் சென்றார். அவர் மாவை இழுத்து நீட்டுவதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைத் தனாகா கண்டறிந்த பிறகு, அந்த முறுக்கலை இயந்திரத்தில் வரவழைப்பதற்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் புடைப்பான வரிகள் அமைக்கப்பட்டன. தகடு சுழலும்போது மாவு அவ்வரிகளில் தடைபட்டு, இழுபட்டு முறுகுகிறது. அறையின் வெப்பம் கூடினால் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிடும் என்ற சிக்கலுக்கு விலைகூடிய குளிரூட்டும் அமைப்பைச் சேர்க்காமல், ஈஸ்ட்டைத் தனியறையில் வைத்துப் பிசைதலின் இடையே விழச்செய்யும் முறை கையாளப்பட்டது. 1987 பிப்ரவரியில் 36,000 யென் விலையில் விற்பனைக்கு வந்த இயந்திரம், முதலாண்டிலேயே 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

இகுஜிரோ நோனாகா என்ற மேலாண்மை அறிஞர் 1991இல் எழுதிய கட்டுரையால் இக்கதை உலகெங்கும் பரவியது. சொல்லில் அடங்காத கைப்பக்குவம், பிறர்க்கு எடுத்துரைக்கத்தக்க அறிவாக மாறியதற்கு இதையே அவர் சான்றாகக் காட்டினார். 2007இல் ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்ஸ் ஆகியோர் இதை மறுத்து, கைப்பக்குவம் இயந்திரத்துக்குள் புகவில்லை என்றும், அது செய்யும் வேலை குறுகியது, எஞ்சியதைப் பயன்படுத்துவோரே ஈடுசெய்கின்றனர் என்றும் வாதிட்டனர். மறுப்பே வலுவானதாகத் தோன்றுகிறது. மாவின் பதத்தைத் தொட்டுப் பார்த்து நீரைக் கூட்டிக் குறைப்பது ஹோட்டல்காரரின் கை. இயந்திரத்துக்கோ அளந்த மாவும் அளந்த நீரும் முன்னரே வைக்கப்பட வேண்டும், ரொட்டி சரியாக வந்ததா என்று தீர்மானிப்பவரும் வீட்டில் இருப்பவரே. தனாகா கொண்டுவந்தது ஓர் அசைவை மட்டுமே. வணிக வெற்றிக்கு அது போதுமானதாயிற்று என்பது வேறு செய்தி.

அரிசி இக்கதையில் மீண்டும் நுழைந்தது. 2010இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட ‘கோபான்’ என்னும் இயந்திரம், அரிசியை ஊறவைத்துத் தானே அரைத்து, அந்த மாவிலிருந்து ரொட்டி சுட்டது. அரைத்த மாவைப் புளிக்கவைத்துப் பழகிய தமிழ்ச் சமையலறைக்கு இது புதுமையாகத் தோன்றாது. அரிசியில் குளூட்டன் இல்லாததால் வழக்கமான செய்முறையில் கோதுமைக் குளூட்டனைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் தயாரிப்பை விஞ்சிக் கோரிக்கைகள் குவிந்ததால், விற்பனை தொடங்கிய சில வாரங்களிலேயே அந்நிறுவனம் புதிய முன்பதிவுகளை நிறுத்திவைத்தது.