குருவானவர் இல்லாத காலத்துப் பேரனும் பேத்தியும்

யாழ்ப்பாணத்தின் மேற்குப் புறத்திலுள்ள சில்லாலையைச் சின்ன உரோமாபுரி என்று வழங்குவதுண்டு. 1687 ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார் அவ்வூரில் மறைந்துறைந்த செய்தியை நேயர்கள் பலர் அறிவர். பிச்சைக்காரர் கோலம் பூண்டு, கழுத்திலே செபமாலையை அணிந்து, அவர் வீடு வீடாகச் சென்றார். எவருடைய கண் அம்மாலையிற் பதிகின்றது என்று பார்ப்பதே அவர் கொண்ட உபாயம்.

இச்செய்தியைச் சொல்வோர் அடிகளாரின் துணிவையே வியப்பர். வியக்கத்தக்கதே. ஆயினும், செபமாலையைக் கண்டதும் இன்னதென்று அறிய வீட்டினுள்ளே ஒருவர் இருந்திராவிடின் அவ்வுபாயம் பலித்திராது. ஏறத்தாழ 29 ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாத ஊரில் அவ்வறிவு எவ்வாறு எஞ்சியது?

ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் விடை புலனாகும். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தமதாக்கியது 1619 இல். ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியது 1658 இல். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்க்கு இடங்கொடுப்போர் மரணதண்டனைக்கு உரியர் என்று கட்டளை பிறந்தது. 1625 அளவில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்பிள்ளை, கோட்டை கைமாறியபோது முப்பது வயதைக் கடந்த தாய். அடிகளார் வந்தபோது அறுபது கடந்த பாட்டி. அவளுடைய மக்கள் சிறுவயதிற் பூசை கண்டவர்கள். பேரப்பிள்ளைகளோ ஒரு குருவானவரையும் கண்டறியாதவர்கள். கோயிலாகவும் ஞானோபதேசப் பள்ளியாகவும் அவர்களுக்கு இருந்தது அப்பாட்டி ஒருத்தியே.

ஒல்லாந்தரும் சிறுவரை மறந்தவரல்லர். போர்த்துக்கேயர் கட்டிய கோயில்களைத் தமது ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் ஆக்கினர். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பால்டேயஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர், 1672 இல் வெளிவந்த தமது நூலில், அப்பாடசாலைகளைக் கோயிற்பற்றுத்தோறும் எடுத்து விவரிக்கின்றார். பிள்ளைகளை அனுப்பாத பெற்றார்க்குக் குற்றப்பணம் உண்டு. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. பதிவில்லாத விவாகம் செல்லாது. அத்தகைய விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசொம் சேர்வதும் அரிது. ஆதலின் காணியும் உத்தியோகமும் உடைய தகப்பனின் கைகள் கட்டுண்டிருந்தன. முதியோரின் நிலை வேறு. அவர்களுடைய விவாகம் முடிந்தது. பள்ளி வயதோ எப்போதோ கழிந்தது. திண்ணையிலிருந்து பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் கிழவியைத் தோம்பு என்ன செய்யும்?

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கர்த்தர் கற்பித்த செபமும் விசுவாசப் பிரமாணமும் இரு சபையார்க்கும் பொது. பகலிற் சட்டம்பியார் படிப்பித்ததை இரவிற் பாட்டி அழிக்க வேண்டியதில்லை. மரியாயின் மங்கள வார்த்தையையும் செபமாலையையும் கூட்டினாற் போதும். சட்டம்பியார் அறியாமலே பாட்டிக்கு உதவியாசிரியர் ஆனார் எனலாம். ஆனால் பத்துக் கற்பனைகளில் இடர் இருந்தது. ஒல்லாந்தர் கணக்கிலே இரண்டாங் கற்பனை சுரூபங்களை விலக்குவது. கத்தோலிக்கர் கணக்கிலே அது முதலாவதில் அடங்கும், இரண்டாவது தேவநாமத்தை வீணிலே சொல்லாதிருப்பது. இரண்டாங் கற்பனை எது என்று கேட்டால், பிள்ளையின் வீடு எவ்வீடு என்பது வெளிப்பட்டுவிடும். பள்ளிக்கு ஓரெண்ணும் வீட்டுக்கு ஓரெண்ணும் மனத்தில் வைத்திருப்பது சிறுபிள்ளைக்கு எளிய காரியமன்று.

அடிகளாரும் இம்முதியோரையே நம்பினார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, தாம் இல்லாத ஞாயிறுகளிற் செபஞ் சொல்லுவிக்கவும் ஆபத்து வேளையிற் குழந்தைகளுக்கு ஞானஸ்நானங் கொடுக்கவும் பழக்கினார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில், பூசைக்குக் கூடியிருந்தோர் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கசையடியும் கடூழியமும் பெற்றனர். அடிகளார் தப்பிப் புத்தளத்துக்கும் பின்னர்க் கண்டிக்குஞ் சென்று, 1711 இற் கண்டியிலே காலமானார்.

1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள், சிங்களத்திலுந் தமிழிலும் நூல்கள் இயற்றி, ஏட்டிற் படியெடுப்பித்து ஊர்களுக்கு அனுப்பினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே இராகத்துடன் ஓதப்படுவது. ஏட்டைப் படிப்பதற்குக் கண்ணும் எழுத்தும் வேண்டும். இராகத்துக்கோ ஓதுவார் ஒருவரின் அருகிருந்து கேட்ட செவி வேண்டும். முதியவர் ஓதத் தொடங்கினால் இளையவர் பின்தொடர்ந்தே பழக வேண்டியிருந்தது.

1806 இல், மேட்லண்ட் தேசாதிபதி காலத்தில், ஆங்கில அரசினர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினர். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த புக்கனன் என்னும் பிரித்தானியக் குருவானவர், ஒல்லாந்தரின் ஆலயங்கள் பாழடைந்து கிடப்பதையும், புரட்டஸ்தாந்தப் போதகராகத் தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது ஒருவரே இருப்பதையும் எழுதிவைத்தார். தோம்பில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தன. அப்பெயர்களுக்குரிய வீடுகளில் இரவுச்செபம் இருக்கவில்லை. கத்தோலிக்கர்க்குக் கோவாவிலிருந்து குருமார் தொடர்ந்து வந்தமையும் ஒரு காரணமே. அதனை மறைத்துப் பேசுதல் நீதியாகாது. எனினும் 1687 இற்கு முந்திய அந்த 29 ஆண்டுகளிற் கோவாவின் உதவி எட்டவில்லை.

யோசேப் வாஸ் அடிகளார் 2015 ஆம் ஆண்டு தை மாதம் 14 ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். தவக்காலம் வரும்போது, வியாகுலப் பிரசங்கம் வழங்கும் கோயில்களில், பழைய இராகம் அறிந்த முதியவர் முன்னே இருப்பார். அவர் மூச்செடுக்கும் இடத்தில் அடியை எடுத்துக்கொடுக்கப் பேரன் பக்கத்திலே காத்திருப்பான்.