ரெஸ்டோமாட்

பழைய நிலைக்கு மீட்பதைக் குறிக்கும் ரெஸ்டோரேஷன், மாற்றியமைப்பதைக் குறிக்கும் மாடிஃபிகேஷன் என்ற இரு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டி உண்டாக்கிய சொல் இது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டை எப்படி ஒட்டலாம்? மாற்றிவிட்டால் அது மீட்பாகுமா? நியாயமான கேள்விதான். ஆனால் பழைய கார்களுக்குக் கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் செய்வதைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் விற்ற போர்ஷே 911இன் 964 வகைக் காரை எலும்புக்கூடுவரை பிரிக்கிறார்கள், அதன்மேல் கார்பன் ஃபைபர் வெளித்தகடுகளைப் பொருத்துகிறார்கள், 3.6 லிட்டர் எஞ்சினை 4 லிட்டர்வரை பெரிதாக்குகிறார்கள். தோற்றமோ 964ஐவிடப் பழைய, 1970களை ஒட்டிய 911ஐ நினைவூட்டுகிறது. ஆக, மீட்கப்படுவது வடிவம், மாற்றப்படுவது உள்ளுறுப்பு. இரு செயல்களும் வெவ்வேறு பொருள்கள்மேல் நடப்பதால் சொல்லில் முரண் இல்லை.

தமிழில் ‘மீட்பு’ என்றால் புதுமை விடுபடும். ‘புதுப்பித்தல்’ என்றால் பழமையின் மீதுள்ள பற்று விடுபடும். ‘செப்பனிடல்’ பொருந்தும் என்பேன். செம்மையோடு உறவுடைய ‘செப்பம்’ ஒரு பொருளைச் சரியாக்குவதைச் சொல்கிறது. பழையபடியே ஆக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. சாலைக்கும் குளத்துக்கும் புழங்கும் எளிய சொல்லாயிற்றே என்பார்கள். அந்தப் புழக்கமே அதற்குப் பலம்: செப்பனிட்ட பின்னும் குளம் அதே குளம்தான்.