குன்னத்துக் கடலும் சப்நாட்டிகாவும்

கணினி விளையாட்டொன்றைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் எழுதலாமா என்ற தயக்கம் நமக்குப் பல நாள் இருந்தது. குன்னம் வட்டாரத்தில் தமிழ் கற்பித்தும் விடைத்தாள் திருத்தியும் நாற்பதைக் கடந்துவிட்ட ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் நம்மிடம் நேரான பதில் இல்லை. பழைய மாணவர் ஒருவர் கோடை விடுமுறைக்குத் தம் மடிக்கணினியை நம்மிடம் விட்டுச் சென்றார். "ஐயா, இதில் சுடுகிற வேலை இல்லை. உயிர் பிழைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான்" என்றார். விளையாட்டின் பெயர் சப்நாட்டிகா. பத்து நாட்கள் ஆடியும் தொடக்கத்தைத்தான் தாண்டியிருக்கிறோம். ஆயினும் நாம் குடியிருக்கும் மண்ணின் வரலாற்றை அது எதிர்பாராத வழியில் நினைவூட்டிவிட்டது. அதனால் எழுதத் துணிந்தோம்.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இதை 2014 டிசம்பரில் முற்றுப்பெறாத வடிவிலும், 2018 ஜனவரி 23 அன்று முழு வடிவிலும் வெளியிட்டது. கதை எளியது. அரோரா என்னும் விண்கப்பல் முழுதும் கடலால் ஆன ஒரு கோளில் விழுந்து நொறுங்குகிறது. ஆடுபவர் சிறு உயிர்காப்புக் கலம் ஒன்றில் மிதக்கிறார். மூச்சடக்கி மூழ்கினால் 45 நொடிகளுக்குள் மேலே வந்தாக வேண்டும். பசியும் தாகமும் எண்களாகக் குறைந்துகொண்டே வருகின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை நீர், ஆனால் குடிக்க ஒரு வாய் இல்லை. ஒருவகை மீனைப் பிடித்துக் கருவியிலிட்டு நன்னீர் எடுக்க வேண்டும் என்று தெரிவதற்குள் நாம் இருமுறை இறந்துபோனோம்.

கரையோ மரமோ இல்லாத அவ்விடத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை, கடலடியில் துருத்தி நிற்கும் சுண்ணாம்புக்கல் முண்டுகளைக் கையால் உடைப்பது. உடைத்தால் டைட்டானியமோ செம்போ கிடைக்கும். அதிலிருந்து கருவி, கருவியிலிருந்து வீடு. முதல் கல்லை உடைத்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. கடலடிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்து வீடு கட்டுவது எங்கோ ஒரு கோளின் கதையன்று. அது அரியலூர், பெரம்பலூர்க்காரர்களின் கதை.

வங்கக் கடல் இன்று குன்னத்திலிருந்து கிழக்கே வெகு தொலைவில் இருக்கிறது. இங்கே மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. கோடையில் குளங்கள் வெடித்துக் கிடக்கின்றன. ஆனால் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தது. இந்திய நிலப்பரப்பு அண்டார்டிகாவை விட்டு விலகியபோது உண்டான பள்ளத்தில் கடல் புகுந்தது. டைனோசர்கள் அழிந்த காலம் வரை, நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, அது ஏறியும் இறங்கியும் இங்கே இருந்தது. குன்னம், காரைப் பகுதியின் களிமண்ணில் இன்றும் ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டுகளும் துப்பாக்கிக் குண்டு வடிவிலான பெலம்னைட்டுகளும் கிடைக்கின்றன. வைணவர் இல்லங்களில் வழிபடப்படும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமம் அம்மோனைட்டின் படிவமே என்பதை நண்பர்கள் அறிந்திருக்கலாம்.

இக்கடலைப் படித்தவர்களின் வரலாறும் ஒரு கதை போன்றதே. இப்பகுதியிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் கேயி, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் திரட்டிய படிவங்களை ஆராய்ந்து எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அறிக்கை வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்நிலத்தை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குத் தொகுதிகளாக வகுத்தார். அவருடைய நூல் 1862ஆம் ஆண்டினது. அதே 1862இல் மொராவியாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கடற்படிவங்களைப் பெயரிட்டு விவரித்து அவர் எழுதியவை 1873 வரை பெருந்தொகுதிகளாக வந்தன. அடுத்த ஆண்டே, யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் இறந்தார். அப்போது வயது 36. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டறிந்தார். ஊட்டத்தூர் என்னும் சிற்றூரின் பெயர் 'உட்டாட்டூரிசெராஸ்' என்ற அம்மோனைட் பேரினப் பெயராக உலகின் நூலகங்களில் இருக்கிறது. ஊட்டத்தூர்க்காரர் எத்தனை பேருக்கு அது தெரியும்?

விளையாட்டுக்குத் திரும்புவோம். இதில் மிக முக்கியமான கருவி கத்தியன்று, வருடுகருவிதான். எதிர்ப்படும் மீன், பவளம், உடைந்த இயந்திரத் துண்டு எதுவாயினும் அதன்முன் பொறுமையாக நின்று வருடினால் அதைப் பற்றிய குறிப்பு நம் ஏட்டில் சேர்கிறது. பல கருவிகளின் துண்டுகளைத் தேடிப் படித்த பிறகே அவற்றைச் செய்ய முடியும். நாம் பொறுமையின்றிக் கட்டிய முதல் வீட்டில் அழகுக்காகக் கண்ணாடிச் சாளரங்களைக் கூடுதலாக வைத்தோம். ஒவ்வொரு சாளரமும் சுவரின் வலுவைக் குறைக்கும் என்ற கணக்கைப் பார்க்கவில்லை. நீர் உள்ளே பீறிட்டது. அடித்தளம் சேர்த்த பின்பே வீடு நின்றது.

கலம் உடைந்து தனித்துத் தவிப்பவனின் கதை என்றால் உலகம் 1719இல் வந்த ராபின்சன் குரூசோவைச் சொல்லும். நமக்கு அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய சாதுவன் இருக்கிறான். மணிமேகலையில் ஆதிரையின் கணவனான அவன், கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்கிறான். குரூசோவுக்குத் துணை துப்பாக்கி. சாதுவனுக்குத் துணை, நாகர் மொழியை அவன் முன்பே கற்றிருந்தது. கொல்ல வந்தவர்கள் தம் மொழி கேட்டு நின்றுவிடுகிறார்கள். சப்நாட்டிகா சாதுவன் பக்கம் நிற்பது என்பது நம் கருத்து. அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட், 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தம் விளையாட்டில் உயிர்பறிக்கும் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். பெருவிலங்கு வந்தால் ஒளியலாம், விலகலாம், அதன் வழக்கத்தை அறிந்து சுற்றிப் போகலாம். அறிவுதான் அங்கே ஆயுதம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020 அக்டோபரில் குன்னத்தில் குளத்தை ஆழப்படுத்தும்போது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்று ஒரே நாளில் கைப்பேசிகளில் செய்தி பரவியது. நிலவியலாளர் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு சேர்ந்து உருண்ட கற்கள் என்றனர். அத்துடன் பேச்சு அடங்கிவிட்டது. முட்டை இல்லை என்றதும் ஏமாற்றம். ஆனால் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடல் நம் குளத்துக்குள் இருந்து எட்டிப்பார்க்கிறது என்பது எவரையும் வியக்க வைக்கவில்லை. அந்நாட்களில் வகுப்பில் இதைப் பேச வேண்டியவர்களுள் நாமும் ஒருவர், பேசவில்லை. அக்குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரை.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி சிப்பிகளாலும் கடலுயிர்களின் ஓடுகளாலும் ஆனது. அக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, சிமெண்டாக்குகிறோம். நம் வீடும் நாம் பாடம் நடத்தும் கட்டடமும் ஒருவகையில் அந்தக் கடலால் கட்டப்பட்டவையே. சிமெண்டு வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. இவ்வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு. விளையாட்டிலும் கல்லை உடைக்காமல் ஒருவரும் பிழைப்பதில்லை. வேறுபாடு ஒன்றுதான். அங்கே படித்துவிட்டு எடுக்கிறோம்; இங்கே படிக்குமுன் அரைத்துவிடுகிறோம். அரைபட்ட அம்மோனைட்டை எந்த ஸ்டோலிச்காவாலும் மீட்டெடுக்க முடியாது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, சாத்தனூரில் கல்மரத்துக்குப் பூங்கா இருக்கிறது. அவற்றிற்கு வெளியே, குளம் தூர்வாரும் இடத்திலும் கிணறு வெட்டும் இடத்திலும், கல்லைப் புரட்டிப் பார்க்கும் கண் வேண்டும். அதை உருவாக்கும் பொறுப்பு இவ்வூர்ப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுடையது.

விளையாட்டின் ஆழத்தில் பேருயிர்களின் எலும்புக்கூடுகள் கிடக்கும் ஆறொன்று இருப்பதாக மாணவர் சொல்கிறார். அங்கே செல்ல நம் கலம் இன்னும் தேறவில்லை. அதற்குமுன், கல்லூரி திறந்ததும் முதலாண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காரைக் களிமேட்டுக்கு ஒரு காலை நடந்து வருவதாகத் திட்டம். எதையும் பெயர்க்கப் போவதில்லை. குறிப்பேடும் பென்சிலும் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.