கூப்பர் குன்று பாலாடைக்கட்டி உருட்டல்

கூப்பர் குன்று பாலாடைக்கட்டி உருட்டல் என்பது இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு பந்தயம் ஆகும். செங்குத்தான குன்றின் உச்சியிலிருந்து வட்டமான பாலாடைக்கட்டி ஒன்று உருட்டிவிடப்பட, போட்டியாளர்கள் அதன் பின்னே ஓடியும் விழுந்தும் உருண்டும் அடிவாரத்தை அடைகின்றனர். முதலில் எல்லைக்கோட்டைக் கடப்பவருக்கு அந்தப் பாலாடைக்கட்டியே பரிசாகும். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் வரும் வசந்தகால பொது விடுமுறை நாளில் இப்பந்தயம் வழமையாக நடைபெறுகிறது. 2010 ஆம் ஆண்டு முதல் இதற்கு அதிகாரபூர்வமான அமைப்பாளர் எவரும் இல்லை. எனினும் உள்ளூர் மக்கள் இதனைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர்.

அமைவிடம்

கூப்பர் குன்று குளொஸ்டர் நகருக்கு அருகில் புரொக்வர்த் என்னும் ஊரை ஒட்டி அமைந்துள்ளது. பந்தயம் நடைபெறும் சரிவு ஏறத்தாழ 180 மீட்டர் நீளமானது. சரிவின் சில பகுதிகள் 45 பாகை அளவுக்குச் செங்குத்தானவை. நிலம் மேடுபள்ளமாகவும் புல் அடர்ந்தும் காணப்படுவதால் தொடக்கம் முதல் முடிவு வரை நிலைதடுமாறாமல் ஓடுவது மிகவும் கடினம்.

வரலாறு

இப்பந்தயம் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று 1826 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இது குளொஸ்டர் நகரில் செய்திகளைக் கூவி அறிவிப்பவருக்கு எழுதப்பட்ட குறிப்பாகும். அப்போதே இது பழைய வழக்கமாக இருந்தது என்பது அக்குறிப்பிலிருந்து தெரிகிறது. இதன் தோற்றம் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. பொது நிலத்தில் கால்நடை மேய்க்கும் உரிமையை நிலைநாட்டுவதற்காகத் தொடங்கிய சடங்கு இது என்பது ஒரு கருத்து. கிறித்தவத்துக்கு முற்பட்ட காலத்தில், எரியும் சுள்ளிக்கட்டுகளைக் குன்றிலிருந்து உருட்டி வசந்தத்தை வரவேற்ற வழக்கத்தின் எச்சம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை.

முற்காலத்தில் இது பெந்தக்கோஸ்து ஞாயிறை அடுத்து வரும் திங்கட்கிழமையில் நடைபெற்றது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தமையால், 1941 முதல் 1954 வரை மரத்தால் ஆன வட்டு பயன்படுத்தப்பட்டது. அதனுள் ஒரு சிறு துண்டு பாலாடைக்கட்டி வைக்கப்பட்டிருந்தது.

போட்டி முறை

இரட்டைக் குளொஸ்டர் எனப்படும், பசும்பாலில் செய்யப்படும் கடினமான பாலாடைக்கட்டி பயன்படுத்தப்படுகிறது. இது 3 முதல் 4 கிலோகிராம் வரை எடையுள்ளது. உடையாமல் இருக்க விளிம்பில் மரச்சட்டம் பொருத்தப்பட்டு, வண்ண நாடாக்களால் அலங்கரிக்கப்படும். பந்தயத்தை நடத்துபவர் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவார். மூன்றில் பாலாடைக்கட்டி விடப்படும். நான்கில் போட்டியாளர்கள் ஓடத் தொடங்குவர். பாலாடைக்கட்டி மணிக்கு 110 கிலோமீட்டர் வரை வேகம் பெறக்கூடியது என்பதால் அதனை எட்டிப் பிடிப்பது இயலாது.

ஆண்களுக்குப் பல சுற்றுகளும் பெண்களுக்குத் தனிச் சுற்றும் உண்டு. குன்றின் மேல்நோக்கி ஓடும் பந்தயங்களும் இடையில் நடைபெறுகின்றன. கட்டுப்பாடின்றி உருண்டு வருபவர்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக உள்ளூர் ரக்பி வீரர்கள் அடிவாரத்தில் நிற்கின்றனர்.

காயங்கள்

கணுக்கால் சுளுக்கு, எலும்பு முறிவு, தலையில் அடிபடுதல் ஆகியவை இப்பந்தயத்தில் வழக்கமானவை. 1993 இல் 15 பேரும், 1997 இல் 33 பேரும் காயமடைந்தனர். வேகமாக வரும் பாலாடைக்கட்டி பாதை விலகினால் பார்வையாளர்களும் காயமடைய நேர்கிறது. 2023 இல் பெண்கள் சுற்றில் வென்ற கனடாவின் டெலனி இர்விங் தலையில் அடிபட்டு நினைவிழந்த நிலையில் எல்லையைக் கடந்தார். மருத்துவக் கூடாரத்தில் கண்விழித்த பின்னரே தாம் வென்றதை அவர் அறிந்தார்.

தடைகளும் தொடர்ச்சியும்

2001 இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் பந்தயம் நடைபெறவில்லை. 2003 இல் இங்கு உதவ வேண்டிய மீட்புக் குழுவினர் அல்சீரியாவின் நிலநடுக்கப் பகுதிக்குச் சென்றிருந்தமையால் கைவிடப்பட்டது.

2009 இல் சுமார் 15,000 பேர் திரண்டனர். இது அவ்விடம் தாங்கக்கூடிய எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும். இதனால் 2010 ஆம் ஆண்டின் பந்தயத்தை அமைப்பாளர்கள் கைவிட்டனர். 2011 இல் நுழைவுக் கட்டணம் பெற்று நடத்தும் திட்டமும் உள்ளூர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இரு ஆண்டுகளிலும் ஊர் மக்கள் தாமாகவே கூடிப் பந்தயத்தை நடத்தினர்.

அமைப்பாளர் இல்லாத நிலையில் காயங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. பல ஆண்டுகளாகப் பாலாடைக்கட்டி வழங்கி வந்த, 86 வயதான டயானா ஸ்மார்ட், காயங்களுக்குத் தாம் பொறுப்பாளியாக்கப்படலாம் என 2013 இல் காவல்துறையினரால் எச்சரிக்கப்பட்டார். அவ்வாண்டு உண்மையான பாலாடைக்கட்டிக்குப் பதிலாக எடை குறைந்த நுரைப்பொருளால் ஆன வட்டு உருட்டப்பட்டது. பின்னர் பாலாடைக்கட்டியே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெறாத பந்தயம் 2022 இல் மீண்டும் தொடங்கியது. பெருங்கூட்டத்துக்குத் தக்க மருத்துவ ஏற்பாடும் அவசர ஊர்திகளுக்கான வழியும் இல்லை என்பது அதிகாரிகளின் கவலையாகும். தம் முன்னோர் வழக்கத்தை விட்டுவிடலாகாது என்பது ஊர் மக்களின் நிலைப்பாடாகும்.

குறிப்பிடத்தக்க வெற்றியாளர்கள்

புரொக்வர்த்தைச் சேர்ந்த கிறிஸ் ஆன்டர்சன் 2005 முதல் 2022 வரை 23 சுற்றுகளில் வென்றுள்ளார். அவருக்கு முன் 21 வெற்றிகளுடன் ஸ்டீபன் கைட் முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் ஆபி லாம்ப் 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெண்கள் சுற்றில் வென்றார். செருமனியின் டொம் கொப்கே 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆண்கள் சுற்றில் வென்றவர். உள்ளூர் மேய்ச்சல் குன்றின் பந்தயம் இன்று பிற நாட்டவரையும் ஈர்ப்பதற்கு இவர்களின் வெற்றிகள் சான்றாகும்.