சிராக்யூஸுக்கு வந்த மட்டை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் லாக்ராஸ் அணி 1916இல் தொடங்கியது. அதன் வரலாற்றைப் பட்டங்களாலும் பயிற்சியாளர்களாலும் சொல்வது வழக்கம். நான், ஆட்டக்காரர்கள் பந்தை ஏந்தி எறியும் வலை மட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த மட்டை பிறந்தது கல்லூரி வளாகத்தில் அல்ல; நகரத்துக்குத் தெற்கே, ஒனன்டாகா பழங்குடியினரின் நிலத்தில்.

ஹிக்கரி மரத்தை வெட்டி, ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளப்பார்கள். இழையின் போக்கிலேயே பிளந்தால்தான் வளைக்கும்போது முறியாது. பிறகு ஆவியில் வாட்டி, நுனியைக் கொக்கிபோல வளைத்துக் கட்டி, மாதக்கணக்கில் உலர விடுவார்கள். உலர்ந்ததைக் கத்தியால் சீவி, துளையிட்டு, தோல்வாரும் குடல்நரம்பும் கோத்து வலை பின்னுவார்கள். வலைக்கு ஒரு பக்கம்தான் மரம். மறுபக்கம் நரம்புதான் சுவர். ஒனன்டாகாவைச் சேர்ந்த ஆல்ஃபி ஜாக்ஸ், அப்பாவோடு சேர்ந்து பழகிய இந்த வேலையை 2023இல் இறக்கும்வரை விடவில்லை.

ஒனன்டாகா உள்ளிட்ட ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடனஷோனி மக்களுக்கு இந்த ஆட்டம் ஒரு வழிபாடு. ஊரில் ஒருவர் நோயில் படுத்தால் அவர் குணமாக ஆடுவார்கள். மாண்ட்ரியலில் பல் மருத்துவராக இருந்த வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1860களில் அதற்கு விதிகள் எழுதினார். மான்தோல் பந்து போய் ரப்பர் பந்து வந்தது. 1880இல் கனடா லாக்ராஸ் சங்கம் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம் என்றது. செலவுக்குப் பணம் வாங்கி ஆடிய பழங்குடியினர் அதோடு வெளியே. ஆட்டத்தைக் கொடுத்தவர்களையே போட்டியிலிருந்து தள்ளிவைத்த அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

சிராக்யூஸில் அணியைத் தொடங்கியவர் லாரி காக்ஸ், வனவியல் கல்லூரிப் பேராசிரியர். மர மட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். 1931 முதல் ராய் சிம்மன்ஸ், 1971 முதல் 1998 வரை அதே பெயருள்ள அவர் மகன் என்று பயிற்சி ஒரே குடும்பத்தில் இருந்தது. மகன் சிற்பியும்கூட.

அந்த மகன் மாணவனாக ஆடிய 1957ஆம் ஆண்டு அணியில் கோல் காத்தவர் ஓரன் லயன்ஸ், ஒனன்டாகாக்காரர். நடுக்களத்தில் ஆடியவர் பிறகு அமெரிக்கக் கால்பந்தில் பெரும்பெயர் எடுத்த ஜிம் பிரவுன். பத்து ஆட்டம், பத்து வெற்றி. பிரவுன் மட்டும் 43 கோல். அத்தனையும் மர மட்டையில்.

1970இல் மட்டைக்குப் பிளாஸ்டிக் தலை விற்பனைக்கு வந்தது. எடை குறைவு, இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு, ஒன்றுக்கொன்று மாறாத அச்சு வார்ப்பு. கல்லூரிகள் மரத்தைக் கைவிடச் சில ஆண்டுகளே ஆயின. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் வேகமாக ஆடும் இன்றைய ஆட்டம் அந்த வார்ப்பால் வந்ததுதான். 1988 தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் சிராக்யூஸின் கேரி கெய்ட் கோலுக்குப் பின்னாலிருந்து எகிறி, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை வலைக்குள் திணித்தார். அரங்கமே வாயைப் பிளந்தது. அவர்தான் 2021 முதல் அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

மரம் மறையவில்லை. நோய் தீர ஆடும் ஆட்டத்துக்கு இன்றும் மர மட்டைதான். பிளாஸ்டிக்குக்கு அங்கே இடமில்லை. ஆட்டத்தைக் கொடுத்த மக்களுக்குக் கல்வியிலும் ஒரு வழி பிறந்தது: 2006இல் ஹோடனஷோனி மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகம் உதவித்தொகை தொடங்கியது. விளையாட்டுக்கான உதவித்தொகை அல்ல, படிப்புக்கானது. ஒனன்டாகா மண்ணில் எழுந்த நிறுவனம் இதை இன்னும் முன்பே செய்திருக்கலாம்.

2009இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரணி கார்னெல் பல்கலைக்கழகம். கடைசி நிமிடங்களில் மூன்று கோல் பின்தங்கியிருந்த சிராக்யூஸ், நேரம் முடியச் சில விநாடிகள் இருக்கையில் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் சிட் ஸ்மித் எதிரியின் மட்டையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார். கோடி ஜேமிசன் கோலடித்தார். 10க்கு 9. இருவருமே ஹோடனஷோனிகள்.